பீரங்கித் துறையில் பாதி விலை

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய்வரும் நம் ஊர்ப் பெற்றோரிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். டவர் பாலம், பக்கிங்காம் அரண்மனை வாசல், லண்டன் முருகன் கோயில், அப்புறம் ஓர் ‘அவுட்லெட்’. அரண்மனைக்கு அரை மணி நேரம், கோயிலுக்கு ஒரு மணி நேரம், அவுட்லெட்டுக்கு முழு நாள். பெயர்பெற்ற நிறுவனங்களின் துணிமணி, ஷூ, கைப்பை, சென்ட் எல்லாம் பாதி விலைக்கும் சில சமயம் அதற்குக் கீழேயும் கிடைப்பதாகச் சொல்லப்படும் கடைத்தொகுதி அது. பெரும்பாலோரை அழைத்துப்போவது ஆக்ஸ்போர்டு பக்கம் இருக்கும் பிஸ்டர் வில்லேஜுக்கு. மகனோ மகளோ தென்கடற்கரைப் பக்கம் வேலை பார்த்தால் போர்ட்ஸ்மவுத் நகரின் கன்வார்ஃப் கீஸுக்கு.

இரண்டில் எதற்குப் போகலாம் என்று என்னைக் கேட்டால் போர்ட்ஸ்மவுத் என்பேன். அங்கே துணி கூடுதல் மலிவு என்பதால் அல்ல. பிஸ்டர், வயல்வெளிக்கு நடுவே விற்பனைக்கென்றே கட்டிய ஒரு பொம்மைக் கிராமம். கன்வார்ஃப் கீஸ் அப்படியல்ல. சுமார் 300 ஆண்டுகள் வெளியாள் கால் வைக்க முடியாமல் ராணுவமும் கடற்படையும் பூட்டி வைத்திருந்த கரை. அந்தக் கரையை ஒரு நகரம் எப்படித் திரும்பப் பெற்றது, அதற்கு ஈடாக எதைக் கொடுத்தது என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய விஷயம். கடைக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

போர்ட்ஸ்மவுத்தின் பெரும்பகுதி போர்ட்சி என்ற தீவில் இருக்கிறது. 2 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். லண்டனை விட்டால் பிரிட்டனில் இவ்வளவு நெருக்கமான நகரம் வேறில்லை. லண்டன் வாட்டர்லூவில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் ரயில் கடைசியில் தண்ணீருக்கு மேலே வந்து நிற்கிறது. ஹார்பர் ரயில் நிலையம் 1876இல் கடலுக்குள் தூண் இறக்கிக் கட்டியது. வெளியே வந்தால் ஒருபுறம் 1860இல் நீரில் இறக்கப்பட்ட வாரியர் என்ற இரும்புப் போர்க்கப்பல். அதற்கு அப்பால் பழைய கப்பல்தளத்தில் நெல்சனின் விக்டரி. எட்டாம் ஹென்றியின் கண்ணெதிரே 1545இல் மூழ்கி, 1982இல் வெளியே தூக்கப்பட்ட மேரி ரோஸ். மறுபுறம் திரும்பிச் சில நிமிடம் நடந்தால் கடைகள். ஏறத்தாழ 90 தள்ளுபடிக் கடைகள், 30 உணவகங்கள், 14 திரைகள் கொண்ட சினிமா, பௌலிங், சூதாட்ட விடுதி, ஹோட்டல், அடுக்குமாடி வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே பாய் விரித்ததுபோல் வளைந்து நிற்கும் 170 மீட்டர் கோபுரம். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இடம் சேற்றுக்கரை. அதை மண்கொட்டி மேடாக்கி பீரங்கிக் கிடங்கு அமைத்தார்கள். கடலிலிருந்து திரும்பும் போர்க்கப்பல் பழுதுபார்க்கத் தளத்துக்குள் போகுமுன் பாரத்தைக் குறைக்க வேண்டும். பீரங்கிகளை இறக்கி வரிசையாக அடுக்கிவைத்த இடம்தான் கன்வார்ஃப். வெடிமருந்து மட்டும் ஊருக்குள்ளேயே சதுரக் கோபுரம் ஒன்றில் கிடந்தது. ஒரு பொறி பட்டால் ஊரே போய்விடும் என்று 1767இல் மக்கள் மனுக் கொடுத்தார்கள். எதிர்க்கரையான கோஸ்போர்ட்டில் பிரிடிஸ் ஹார்டு என்ற இடத்தில் தனிக் கிடங்கு எழ 1777 ஆகிவிட்டது. மனுக் கொடுத்துவிட்டுப் பத்தாண்டு காத்திருப்பது நம்மோடு மட்டும் பிறந்த பழக்கம் அல்ல என்று தெரிகிறது.

1923இல் கடற்படையின் டார்பிடோ பயிற்சிப் பள்ளி இங்கே குடியேறியது. அதன் பெயர் எச்.எம்.எஸ். வெர்னன். மாலுமிகளுக்குத் தரும் ரம்மில் தண்ணீரைக் கலந்து கொடுங்கள் என்று 1740இல் உத்தரவு போட்ட அட்மிரல் எட்வர்டு வெர்னனின் பெயர். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் இந்தப் பள்ளிக்கு ஒரு பெரும் வேலை வந்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் எதிலும் மோதாமலேயே வெடித்து மூழ்கின. கடலடியில் கிடந்து, மேலே போகும் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் ஜெர்மன் கண்ணிவெடிகள் அவை. எப்படி இயங்குகின்றன என்று தெரிய முழு வெடி ஒன்று வேண்டும். 1939 நவம்பரில் தேம்ஸ் கழிமுகத்தில் ஷூபரிநெஸ் சேற்றில் ஒன்று சிக்கியது. வெர்னனிலிருந்து போன லெப்டினன்ட் கமாண்டர் ஜான் ஊவ்ரி 23ஆம் தேதி காந்தம் இழுக்காத உலோகத்தில் செய்த கருவிகளால் அதைப் பிரித்தெடுத்தார். தான் தவறிப்போனால் அடுத்து வருகிறவனுக்குப் பயன்படட்டும் என்று ஒவ்வோர் அடியும் தூரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்படி வேலை நடந்தது. அந்த வெடி போர்ட்ஸ்மவுத்துக்கு வந்தது. கப்பலைச் சுற்றி மின்கம்பி ஓட்டி அதன் காந்தத்தைத் தணிக்கும் முறை அதிலிருந்து செம்மையானது. எல்லா நாளும் இப்படி முடியவில்லை. 1940 ஆகஸ்டில் இங்கே கொண்டுவந்து பிரித்த ஒரு கண்ணிவெடிக்குள் பொறி வைக்கப்பட்டிருந்தது. கொட்டகைக்குள்ளேயே வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள்.

இன்று அந்த வளாகத்தின் நீர்த்தேக்கத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. கண்ணிவெடி ஒன்று, அதை நெருங்கும் முக்குளிப்போர் இருவர். 2020இல் வைத்தார்கள். பையும் கையுமாகப் போகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்காக என்று படிப்பவர்கள் குறைவு. ஆனாலும் வைத்தார்களே என்று எனக்கு ஒரு நிறைவு.

தமிழ் வாசகருக்கு இந்தத் துறைமுகத்தில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. திருகோணமலையின் ஆங்கிலப் பெயர் தாங்கிய டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்டது. 1782இல் திருகோணமலைக் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையின் நினைவாக வைத்த பெயர். அந்தக் கப்பல் பிற்காலத்தில் வேறு பெயரில், இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாக, 1930களிலிருந்து 1980கள் வரை இதே போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில்தான் நங்கூரமிட்டுக் கிடந்தது. ஓக் மரக் கப்பல்கள் உளுத்து உதிர்ந்தபோது மலபார்த் தேக்கு நிலைத்தது. இப்போது பழைய பெயரோடு வடக்கே ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

கடற்படை ஏன் இந்தக் கரையை விட்டது? சுருங்கியதால். 1981இல் பாதுகாப்புத் துறை எடுத்த மறுஆய்வில் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தின் வேலைகள் வெட்டப்பட்டன. வெர்னன் 1986இல் தனி நிலையமாக இருப்பதை நிறுத்தியது. பனிப்போர் முடிந்து 1990களின் நடுவில் நிலமே உபரியாகிப்போனது. நகரத்தின் நடுமத்தியில், துறைமுக வாயை ஒட்டி, கிடங்குகளும் மதிலும் நிறைந்த பெரும் மனை. வேலையிழந்த நகரத்துக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஒரு விடை தேவைப்பட்டது.

விடை அமெரிக்காவில் தயாராக இருந்தது. ஜேம்ஸ் ரவுஸ் என்ற கட்டுமான முதலாளி 1976இல் பாஸ்டனின் பழைய சந்தைக் கட்டடங்களைத் திருத்திக் கடைகளும் உணவகங்களும் ஆக்கினார். 1980இல் பால்டிமோர் துறைமுகத்தில் தண்ணீரை ஒட்டி ஹார்பர்பிளேஸ் திறந்தார். சரக்குக் கப்பல் வராத துறையில் சனம் வந்து குவிந்தது. உலகத்தின் நகரசபைகளெல்லாம் பால்டிமோருக்கு விமானம் ஏறின. அந்த ஹார்பர்பிளேஸ் 2019இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது என்பதைப் பார்க்க அதே நகரசபைகள் திரும்பப் போனதாகத் தெரியவில்லை.

போர்ட்ஸ்மவுத் தன் பங்குக்கு ஒரு திருப்பம் செய்தது. சாதாரணக் கடைகளைக் கொண்டுவராமல் தள்ளுபடிக் கடைகளைக் கொண்டுவந்தது. பெர்க்லி குழுமம் வீடுகளோடு சேர்த்துக் கட்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று கன்வார்ஃப் கீஸ் திறந்தது. இப்போது கடைப்பகுதியின் உரிமை லாண்ட்செக் என்ற சொத்து நிறுவனத்திடம். பழையவற்றில் சிலவற்றைக் காப்பாற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் பெருங்கிடங்கான வல்கன் கட்டடம், குண்டுவீச்சில் சிதைந்த பகுதி திருத்தப்பட்டு நிற்கிறது. இன்னொரு பழைய கட்டடம் மதுக்கூடமாகிவிட்டது. மதிலும் நுழைவாயிலும் இருக்கின்றன.

இனி கோபுரம். ஸ்பின்னக்கர் டவர் புத்தாயிரத்தை வரவேற்கத் திட்டமிட்டது. மூன்று வடிவங்களை வைத்து ஊர்மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். பாய் வடிவம் வென்றது. புத்தாயிரம் வந்தது, போனது, கோபுரம் வரவில்லை. 2005 அக்டோபர் 18இல் ஒருவழியாகத் திறந்தபோது செலவு 3.56 கோடி பவுண்டு. நகராட்சி வரிப்பணம் இதில் சேராது என்பதுதான் ஆரம்பப் பேச்சு, முடிவில் 1.1 கோடி பவுண்டுக்கு மேல் அதிலிருந்துதான் போனது. திறப்பு நாளில் வெளிப்புற லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் அந்தத் திட்டத்தின் மேலாளரும் ஒருவர். ஒன்றரை மணி நேரம்.

2015இல் ஒரு விமான நிறுவனம் 35 லட்சம் பவுண்டு தந்து கோபுரத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொண்டது. தன் நிறமான சிவப்பையும் வெள்ளையையும் பூசப்போவதாக அறிவித்தது. அண்டை நகரமான சவுதாம்ப்டனின் கால்பந்து அணி நிறம் அது! போர்ட்ஸ்மவுத்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், எதிர்ப்பு மனுவில் பத்தாயிரத்துக்கு மேல் கையெழுத்து. கடைசியில் நீலமும் பொன்னிறமும் பூசினார்கள். வரிப்பணம் போனபோது இவ்வளவு பேர் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்கத் தோன்றினாலும், ஒரு கட்டடத்தை ஊர் தன்னுடையதாக நினைக்கத் தொடங்கியதற்கு இதைவிடச் சாட்சி இருக்க முடியாது.

சரி, அந்தப் பாதி விலை?

ஆடித் தள்ளுபடியில் வளர்ந்தவர்கள் நாம். ஆனியில் ஏற்றியதை ஆடியில் இறக்குகிறார்களோ என்ற சந்தேகத்தோடேயே புடவையைப் பிரித்துப் பார்ப்போம். விமானத்தில் ஏறும்போது அந்தச் சந்தேகத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அவுட்லெட் என்பது தொடக்கத்தில் ஆலை வாசலில் மிச்சசொச்சத்தையும் சிறு குறையுள்ளதையும் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் விற்ற இடம். சாமர்செட் மாவட்டத்தில் ஸ்ட்ரீட் என்ற ஊர் கிளார்க்ஸ் செருப்பு பிறந்த ஊர். 1993இல் அங்கே பழைய செருப்பாலை வளாகத்திலேயே கிளார்க்ஸ் வில்லேஜ் திறந்தது. பிரிட்டனில் இந்த வகை வளாகங்களின் முன்னோடிகளில் ஒன்று. செருப்பு தைப்பது வெளிநாட்டுக்குப் போனது, விற்பது தங்கிவிட்டது.

ஆனால் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கடைகளை நிரப்ப மிச்சம் போதாது. எந்த நிறுவனமும் அவ்வளவு மிச்சம் வைத்தால் அது பிழைக்காது. ஆகவே அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கும் வழக்கம் வந்தது: அதே பெயர், அதே முத்திரை, சற்றே மெல்லிய துணி, குறைந்த பொத்தான், எளிய உள்வேலை. அந்தச் சட்டை முழு விலைக்கு எங்கும் ஒருநாளும் விற்கப்பட்டதில்லை என்றால், சீட்டில் கோடு போட்டு அடித்திருக்கும் ‘பழைய விலை’ யாருடைய விலை? அமெரிக்காவில் 2014 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் இதைத்தான் கேட்டு அந்நாட்டு வணிக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். எல்லாக் கடையும் இப்படி என்று சொல்லவில்லை. போன பருவத்துச் சரக்கை உண்மையாகவே பாதி விலைக்குத் தள்ளும் கடைகளும் அதே வரிசையில் இருக்கின்றன. எது எது என்று வாசலில் எழுதி வைத்திருப்பதில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் நுகர்வோரை ஏமாற்றும் நிறுவனத்துக்கு அதன் உலக வருவாயில் 10 சதவீதம் வரை போட்டி ஆணையமே நேரடியாக அபராதம் போடலாம். அது பாய்ந்தால் விலைச்சீட்டு கொஞ்சம் நேர்மையாகலாம்.

மிச்சத்தை விற்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஒரு விடை உண்டு. பர்பெரி 2017–18 கணக்கில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததாகக் காட்டியிருந்தது. மலிவாக விற்றால் பெயரின் மதிப்புக் குறையும், அதனால் கொளுத்தினார்கள். செய்தி வெளியாகிக் கண்டனம் கிளம்பவே 2018 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டார்கள். கொளுத்துவதோடு ஒப்பிட்டால் அவுட்லெட் புண்ணியம்.

இங்கேதான் தண்ணீர் வருகிறது. இத்தகைய வளாகங்களில் கடைக்காரர் தரும் வாடகை பெரும்பாலும் விற்பனையோடு கட்டப்பட்டது. அடிப்படை வாடகைக்கு மேல் விற்பனையில் ஒரு பங்கு. ஆக, நீங்கள் எவ்வளவு நேரம் தங்குகிறீர்களோ அவ்வளவுக்குக் கட்டட முதலாளிக்கு லாபம். பிஸ்டர் அதற்கு அலங்காரம் செய்ய வேண்டியிருக்கிறது. கன்வார்ஃபுக்கு இயற்கையும் அரசாங்கமும் இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டன. வைட் தீவுக்குப் போகும் பெருங்கப்பல் பக்கத்துத் துறையிலிருந்தே கிளம்புகிறது. பச்சை நிறக் கோஸ்போர்ட் படகு நான்கைந்து நிமிடத்தில் எதிர்க்கரை தொட்டுத் திரும்புகிறது. சில நாட்களில் 65,000 டன் எடையும் 280 மீட்டர் நீளமும் கொண்ட விமானந்தாங்கிக் கப்பல் குயின் எலிசபெத், குறுகிய துறைமுக வாயில் உடலை நுழைத்துக்கொண்டு போகிறது. அதைப் பார்க்க வந்தவர் மதியம் சாப்பிடுவார், சாப்பிட்டவர் ஒரு ஷூவாவது வாங்குவார். நமக்கு இலவசமாகத் தெரியும் காட்சியின் பெயரில் கடைக்காரர் வாடகை கட்டுகிறார். அவர் நம்மிடம் வசூலிக்கிறார்.

வாங்கிய சட்டையின் உட்பக்கச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள். வங்கதேசம், இந்தியா, இலங்கை, வியட்நாம், துருக்கி என்றே மாறி மாறி இருக்கும். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர் ஒன்றிலிருந்து போகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பியப் பெயர்கள் தாங்கிய ஷூக்கள் போகின்றன. அந்தச் சரக்கின் மிச்சம் இந்தப் பக்கமும் விழுகிறது. திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே காதர்பேட்டையில் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று குவித்து விற்பது அதைத்தான். பையர் ஆர்டரை ரத்து செய்த லாட், தையலில் சிறு பிசகுள்ள பீஸ். அங்கே பேரம் உண்டு, கடல் இல்லை.

நதி இருந்தது. போர்ட்ஸ்மவுத்தில் கரையோரம் காலாற நடந்தபோது நொய்யல் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? சாயப்பட்டறைக் கழிவு நிறைந்து, பாசனத்துக்கென 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை விவசாயிகளே திறக்காதே என்று மன்றாடும் நிலைக்கு வந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, கழிவை முழுதாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளையெல்லாம் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் வந்த சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையால் சாயச் செலவு கூடியது. அந்தச் செலவைப் பையர் ஏற்றானா, பட்டறைக்காரர் ஏற்றாரா, பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் ஏற்றாரா என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். போர்ட்ஸ்மவுத்தில் துறைமுகக் கரை துலங்குகிறது என்றால், அழுக்குத் தொழில் வேறு கரைகளுக்கு நகர்ந்ததும் ஒரு காரணம். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வணிக ஒப்பந்தம் நம் ஆடைகள் மீதான இறக்குமதி வரியை நீக்குகிறது. வரும் லாபத்தில் நொய்யலுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும். அந்த ஒப்பந்தம் சொல்லாது.

போர்ட்ஸ்மவுத்துக்குள்ளேயே கணக்குப் பார்ப்போம். அவுட்லெட்டை ஊருக்கு வெளியே தள்ளி வைப்பதுதான் தொழிலின் எழுதாத விதி. முழு விலைக் கடைக்குப் பக்கத்தில் பாதி விலைக் கடை இருந்தால் தன் குட்டியைத் தானே தின்னும் கதை. கன்வார்ஃப் அந்த விதியை மீறியது. நகரத்தின் பழைய கடைவீதியான கமர்ஷியல் ரோடு பக்கத்தில் 1966இல் திறந்த டிரைகார்ன் சென்டர் என்ற கான்கிரீட் அங்காடி இருந்தது. பூஞ்சை பிடித்த யானை லத்தி என்று இளவரசர் சார்லஸ் அதை ஏசினார். 2004இல் இடித்தார்கள். அந்த இடத்தில் பெரிய அங்காடி எழும் என்ற திட்டம் கைவிடப்பட்டு, நெடுங்காலம் வண்டி நிறுத்தும் வெளியாகவே கிடந்தது. சவுத்சீ பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்த நைட் அண்டு லீ கடை 2019இல் மூடியது. எதிரிலிருந்த டெபன்ஹாம்ஸ் 2020இல். பழியெல்லாம் கன்வார்ஃப் மீதே என்று சொல்வது நியாயமல்ல. இணைய வணிகம் இங்கிலாந்தின் எல்லாக் கடைவீதிகளையும்தான் காலி செய்கிறது. ஆனால் ஓர் ஊரில் கூட்டம் ஒன்றுதான். அது தண்ணீர்ப் பக்கம் போனால் உள்வீதிக்கு வராது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. கன்வார்ஃப் கீஸில் நீங்கள் நடப்பது தெருபோலத் தெரியும், தெரு அல்ல. தனியார் வளாகம். விதிகள் அவர்களுடையவை, காவலர் அவர்களுடையவர். கரையோரம் காசு கொடுக்காமல் உட்காரலாம், யாரும் எழுப்புவதில்லை. ஆனால் ஓர் ஊர்வலம் போகவோ, துண்டறிக்கை கொடுக்கவோ, துண்டை விரித்துப் பாட்டுப் பாடவோ அனுமதி கேட்டாக வேண்டும். பிரிட்டன் நகரங்களில் நிலம் இப்படிச் சத்தமில்லாமல் கைமாறுவதைப் பற்றி அன்னா மின்டன் 2009இல் ஒரு நூலே எழுதினார். கடற்படையின் பூட்டு போய், கடைக்காரரின் திறந்த கதவு வந்திருக்கிறது. முன்னதைவிடப் பின்னது எவ்வளவோ மேல். என்றாலும் கதவு அவர் கையில்.

எனக்கு இதில் தயக்கமில்லாத ஒரு முடிவு உண்டு. போர்ட்ஸ்மவுத் செய்தது மோசமான பேரம் அல்ல. 300 ஆண்டு மூடிக்கிடந்த கரை திறந்திருக்கிறது, வேலை வந்திருக்கிறது, வெர்னனின் பெயர் அழியவில்லை. அவர்கள் தவறவிட்டது ஒன்றே: நீர்விளிம்பு நடைபாதையை மட்டுமாவது நகராட்சியின் பொதுத்தெருவாக வைத்துக்கொண்டு, மற்றதை விற்றிருக்கலாம். ஆற்றங்கரையையும் துறைமுக நிலத்தையும் அழகுபடுத்தப் புறப்படும் எந்த நகராட்சியும், நம்முடையதும் சேர்த்து, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதவேண்டிய வரி அது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பில்லைப் பத்திரப்படுத்தி விமான நிலையத்தில் வரியைத் திரும்ப வாங்கலாம் என்று இன்னமும் நம் உறவினர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். இங்கிலாந்தில் அந்தச் சலுகை 2021 ஜனவரி முதல் இல்லை; 2022இல் திரும்பத் தருவதாக ஓர் அமைச்சர் அறிவித்தார், சில வாரங்களில் அடுத்தவர் ரத்து செய்தார். ஆகவே சீட்டில் உள்ள விலையே விலை. கடைகளைக் கடைசிக்கு வையுங்கள். நிலையத்தில் இறங்கியதும் தரையைப் பாருங்கள்: நடைபாதையில் சங்கிலி வடிவம் பதித்திருப்பார்கள். எதிரிக் கப்பல் நுழையாமல் துறைமுக வாயின் குறுக்கே முற்காலத்தில் இழுத்துக் கட்டிய இரும்புச் சங்கிலியின் நினைவு அது. அதன் வழியே கடைகளைக் கடந்து பழைய ஊருக்குள் நடந்தால், 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய வட்டக் கோபுரம் வரும். சங்கிலியின் ஒரு முனை அங்கேதான் இருந்தது. கப்பல்கள் கூப்பிடு தூரத்தில் போகும். ஸ்பின்னக்கருக்கு டிக்கெட் உண்டு. வட்டக் கோபுரத்தில் ஏறக் கட்டணம் கிடையாது.